"வீட்டுல சொல்லிட்டு வந்துட்டியா?"



சைக்கிள் ஓட்டுறவங்க யாரா இருந்தாலும் இந்தக் கேள்வியை ஒரு தடவையாவது கேட்டிருப்பீங்க. பின்னாடி காது கிழியற மாதிரி ஏர் ஹாரன். ஹேண்டில்பாரை உரசிட்டுப் போற ஒரு வண்டி. ஜன்னல் வழியா வெளியே நீட்டுன ஒரு தலை. "யோவ், வீட்டுல சொல்லிட்டு வந்துட்டியா?"

சாகறதுக்குத்தானே ரோட்டுக்கு வந்திருக்கே, பொண்டாட்டி பிள்ளைங்ககிட்ட விடை வாங்கிட்டு வந்தியான்னு அதுக்கு அர்த்தம். சினிமாவுல வந்தா சிரிப்போம். காலையில ஏழே முக்கால் மணிக்கு, டிபன் பாக்ஸைக் கேரியர்ல வெச்சுக் கட்டிக்கிட்டு வேலைக்குப் போறவன் காதுல விழுந்தா சிரிப்பு வராது.

நான் மடத்துக்குளத்துல இருந்து உடுமலை ரோட்டுல இருக்கற ஒரு மில்லுக்கு தினமும் சைக்கிள்ல போறவன். போன வாரம் இதே கேள்வியை எங்கிட்ட ஒரு வேன் டிரைவர் கேட்டார். மில் ஆளுங்களை ஏத்திட்டுப் போற வேன். ஹாரன் அடிச்சுக்கிட்டே வந்தார். எனக்கு இடது பக்கம் தார் முடிஞ்சு அரை அடிப் பள்ளம், அதுக்கு அப்புறம் மண்ணு. இறங்கினா விழுவேன், இறங்கலைன்னா அவர் மோதுவார். இறங்கினேன். விழுந்தேன். முழங்கை தேஞ்சுது, சோத்து டப்பா திறந்து ரசம் மண்ணோட போச்சு. வேன் நிக்கலை. கேள்வி மட்டும் காதுல நின்னுச்சு.

இதை எதுக்குக் கட்சிப் பக்கத்துல எழுதறேன்னு கேக்கலாம். "இது அரசியலா தோழர்? ஒரு டிரைவர் திட்டினார், விட்டுட்டுப் போங்க"ன்னு சொல்லலாம். இது அரசியல்தான். பொறுமையாப் படிங்க, முடிவை நீங்களே சொல்லுங்க.

*

முதல்ல ஒரு பழைய கதை.

நம்ம தமிழ்நாட்டுல பல கிராமங்கள்ல, சில தெருக்களுக்குள்ள நுழையும்போது சில பேர் மட்டும் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிட்டுத்தான் போகணும்னு ஒரு எழுதாத சட்டம் இருந்துச்சு. செருப்பைக் கழட்டு, தோளுல இருக்கற துண்டை எடு, சைக்கிளை விட்டு இறங்கு. அதை எதிர்த்துப் போராடினவங்க இருக்காங்க, அடிபட்டவங்களும் இருக்காங்க. இரண்டு சக்கரத்துல ஒருத்தன் தலை நிமிர்ந்து உட்கார்ந்து போறதே அப்ப ஒரு உரிமைப் போராட்டமா இருந்துச்சு.

1990களோட தொடக்கத்துல புதுக்கோட்டை மாவட்டத்துல அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுத்து சொல்லிக் கொடுக்கப் போனவங்க, அதோட சேர்த்து பெண்களுக்கு சைக்கிளும் சொல்லிக் கொடுத்தாங்க. கல்குவாரியில வேலை பார்த்த பெண்கள், வயக்காட்டுல நாத்து நட்ட பெண்கள், ஆசிரியைகள், அங்கன்வாடி ஊழியர்கள்னு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கத்துக்கிட்டாங்க. முதல்ல தெருவுல நின்னு கேலி பேசினாங்க, அசிங்கமாக் கமெண்ட் அடிச்சாங்க. அந்தப் பெண்கள் இறங்கலை. பஸ்ஸுக்காகக் காத்துக் கிடக்காம, யாரையும் எதிர்பார்க்காம, தண்ணிக் குடத்தையும் குழந்தையையும் வெச்சு மிதிச்சுக்கிட்டுப் போனாங்க. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பத்தி எழுதி, நாடே தெரிஞ்சுக்கிட்டுது.

அப்புறம் அரசே சைக்கிள் கொடுத்துச்சு. 2001-02ல ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு ஆரம்பிச்சு, 2005-06ல இருந்து அரசுப் பள்ளி 11ஆம் வகுப்பு மாணவ மாணவிகளுக்கெல்லாம் விலையில்லா சைக்கிள். ஆட்சி மாறினாலும் அந்தத் திட்டம் நிக்கலை. ஏன்னா அதோட பலன் அப்படி.

இப்ப வர்றேன் விஷயத்துக்கு. அன்னைக்கு "இறங்கு"ன்னு சொன்னாங்க. இன்னைக்கு "ஓரம் போ"ன்னு சொல்றாங்க. அன்னைக்குச் சொன்னது சாதி. இன்னைக்குச் சொல்றது வண்டியோட அளவு. லாரி பஸ்ஸை ஓரம் போகச் சொல்லுது, பஸ் காரை, கார் பைக்கை, பைக் சைக்கிளை. சைக்கிள்காரனுக்குக் கீழே நடந்து போறவன் மட்டும்தான். ரோட்டுல ஒரு ஏணி போட்டு வெச்சிருக்கோம். ஏணியோட அடிப்படியில நிக்கறவன் உயிருக்குத்தான் விலை கம்மி.

சைக்கிளை வாங்கிக் கொடுத்த நாம, அதை ஓட்டுறதுக்கு ஒன்றரை மீட்டர் ரோடு கொடுக்கலை. இதுதான் அரசியல்.

*

"இப்பெல்லாம் யாரு சார் சைக்கிள் ஓட்டுறா? எல்லாரும் பைக் வாங்கிட்டாங்க"ன்னு ஒரு பேச்சு இருக்கு. காலையில மடத்துக்குளம் நால்ரோட்டுல ஒரு பதினைந்து நிமிஷம் நின்னு பாருங்க.

காகித மில்லுக்குப் போறவர், நூல் மில்லுக்குப் போறவர், தோட்டத்துக்குத் தண்ணி விடப் போறவர், பால் கேன் கட்டினவர், கொத்து வேலைக்குக் கரண்டியும் மட்டப்பலகையும் கட்டினவர், யூனிபார்ம் போட்ட பிள்ளைங்க. கூடவே ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட்ல இருந்து வந்த தம்பிகள். பழைய சைக்கிளை வாங்கி, ஒருத்தன் மிதிக்க இன்னொருத்தன் பின்னாடி உட்கார்ந்து போறாங்க. திருப்பூர் பக்கம் போனா பனியன் கம்பெனி ரோடுகள்லயும் இதே காட்சிதான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல ஒரு கணக்கு எடுத்தாங்க: விவசாயம் தவிர்த்த மத்த வேலைகளுக்குப் போறவங்க எதுல போறாங்கன்னு. இந்தியா முழுக்க நூத்துக்கு 13 பேர் சைக்கிள்ல. மொபட், ஸ்கூட்டர், பைக் மூணும் சேர்த்தே கிட்டத்தட்ட அதே அளவுதான் வந்துச்சு. அதுக்கு அப்புறம் பைக் பெருகிருச்சு, மறுக்கலை. ஆனா சைக்கிள் ஓட்டுறவங்க காணாமப் போயிடலை. நம்ம கண்ணுதான் அவங்களைப் பார்க்கறதை விட்டுருச்சு.

இன்னொரு பக்கத்தையும் பாருங்க. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தோட கணக்குப்படி 2022ல இந்தியாவுல சாலை விபத்துல செத்தவங்க 1,68,491 பேர். விபத்து எண்ணிக்கையில நாட்டுலயே முதலிடம் தமிழ்நாடு, 64,105. நம்ம மாநிலத்துல செத்தவங்க 17,884 பேர். நாடு முழுக்க செத்தவங்கள்ல நூத்துக்கு 19 பேருக்கு மேல நடந்து போனவங்க, மூணு பேர் அளவுக்கு சைக்கிள்ல போனவங்க. மோதிட்டு நிக்காமப் போன வண்டிகளால மட்டும் செத்தவங்க 30,000க்கும் மேல.

நடந்தும் சைக்கிள்லயும் போய்ச் செத்தவங்க யாரும் ஏசி கார்ல போனவங்க இல்லை. வேலைக்குப் போனவங்க, வீட்டுக்குத் திரும்பினவங்க.

*

இப்ப அந்த வேன் டிரைவர் விஷயம்.

அவர் ஒண்ணும் அரக்கன் இல்லை. அதுதான் நான் சொல்ல வர்ற முக்கியமான சங்கதி.

விழுந்த மறுநாள் ஒரு டீக்கடையில அந்த வேன் நின்னுட்டு இருந்துச்சு. எனக்குக் கோபம்தான். இருந்தாலும் முழங்கைக் கட்டைக் காட்டி, "ஏனுங்ணா, நேத்து உங்க வண்டிதான்"ன்னு ஆரம்பிச்சேன். மனுஷன் ஒரு நிமிஷம் டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டு அப்படியே நின்னார். அப்புறம் சொன்னார்:

"தம்பி, எட்டு இருபதுக்கு கேட்டுக்குள்ள வண்டி இருக்கோணும். அஞ்சு நிமிஷம் தாண்டினா உள்ள இருக்கற பொம்பளைப் பிள்ளைகளுக்கு அரை நாள் சம்பளம் போகும், எனக்கு டிரிப் காசைப் பிடிப்பாங்க. மூணு ஊரு சுத்தி ஆள் ஏத்தோணும். நான் என்னதான் பண்றது சொல்லுங்க? நானும் பதினஞ்சு வருசம் சைக்கிள் மிதிச்சவன்தான்."

எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். மன்னிப்புன்னு வார்த்தை வரலை, ஆனா காசு கொடுக்க விடலை. நம்ம ஊர்ல அதுக்கு அதுதான் அர்த்தம்.

யோசிச்சுப் பாருங்க தோழர்களே. அந்த ஹாரனை அடிச்சது அவர் கை. அந்தக் கையை அழுத்தினது எட்டு இருபது. பனியன் தொழில்ல கூலியை ஷிப்ட் கணக்குலதான் பேசறோம். ஒரு ஷிப்ட், ஒன்றரை ஷிப்ட், சனிக்கிழமை சம்பளம். நிமிஷத்துக்கு விலை இருக்கற தொழில் வட்டாரம் இது. தனியார் பஸ்ஸுக்கு முன்வண்டி, பின்வண்டி டைமிங் சண்டை. டிப்பருக்கு லோடு கணக்கு. மேல இருக்கறவன் மிச்சம் பிடிக்கற நிமிஷம் எல்லாம் கீழே இறங்கி இறங்கி, கடைசியா சைக்கிள்காரன் முதுகுல ஹாரனா விழுது.

அதுக்காக டிரைவர் செஞ்சது சரின்னு ஆயிடாது. அவசரம் அவருக்கு, ஆனா அடி எனக்கு. பத்து டன் வண்டிக்கும் இருபது கிலோ சைக்கிளுக்கும் நடுவுல தப்பு சமமாப் பிரியாது. அவர் தப்புப் பண்ணினா நான் சாகலாம். நான் தப்புப் பண்ணினா அவர் வண்டியில ஒரு கீறல். பலம் எங்க ஜாஸ்தியோ, பொறுப்பும் அங்கதான் ஜாஸ்தியா இருக்கணும்.

*

"நம்ம ஆளுங்களுக்கு ரோட்டுல மரியாதை தெரியாது, இது மாறாது"ன்னு சலிச்சுக்கறவங்களுக்கு ஒரு பதில் நம்ம ஊர்லயே இருக்கு.

தைப்பூசம் வருது. கோவை, பொள்ளாச்சி, உடுமலைன்னு எல்லாப் பக்கம் இருந்தும் பழனிக்குப் பாதயாத்திரை. பச்சை வேட்டி, காவி வேட்டி, தோளுல காவடி, முதுகுல ஒளிரும் ஸ்டிக்கர், ராத்திரி பகலா மடத்துக்குளம் வழியா நடக்கறாங்க. அந்த நாட்கள்ல இதே ரோட்டுல, இதே பஸ், இதே லாரி, இதே வேன். டிரைவர் வேகத்தைக் குறைக்கிறார். தள்ளி ஓட்டறார். ஹாரனை விட்டுக் கையை எடுக்கறார். சில பேர் நிறுத்தி தண்ணி பாட்டில்கூடக் கொடுக்கறாங்க. அப்பவும் விபத்து நடக்காம இல்லை, ஆனா பெரும்பாலான டிரைவருங்க நடந்துக்கற முறையே மாறிப் போகுது.

அப்படின்னா அவங்களுக்குத் தள்ளி ஓட்டத் தெரியும். மெதுவாப் போகத் தெரியும். தெரியாம இல்லை. நடந்து போறவர் முருகன்கிட்ட போறார்னு தெரிஞ்சா மரியாதை வருது. மில்லுக்குப் போறார்னு தெரிஞ்சா வர மாட்டேங்குது. பழனிக்கு நடக்கறவரும் தை முடிஞ்சா மறுநாள் சைக்கிள் எடுத்து வேலைக்குப் போற அதே ஆள்தான். வேட்டி மாறினதும் மரியாதை போயிடுமா?

ஒரு மாசம் முடியறது பன்னெண்டு மாசமும் முடியும். அதை முடிய வைக்கறதுக்குத்தான் சட்டமும் ரோடும் வேணும்.

*

சட்டம் என்ன சொல்லுது? தெரிஞ்சு வெச்சுக்கங்க, பகிருங்க.

மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறை விதிகள் 2017ல வந்துச்சு. நடந்து போறவங்க, சைக்கிள் ஓட்டுறவங்க, குழந்தைங்க, முதியவங்க, மாற்றுத்திறனாளிகள் இவங்க பாதுகாப்புக்கு டிரைவர் தனிக் கவனம் எடுக்கணும்னு அதுல இருக்கு. தயவு இல்லை, கடமை.

மோட்டார் வாகனச் சட்டம் 184வது பிரிவு, ஆபத்தா ஓட்டுறது. விதிக்கு மாறா ஓவர்டேக் பண்றது, எதிர்த்திசையில வர்றது, போனைக் கையில வெச்சுக்கிட்டு ஓட்டுறது எல்லாம் இதுல வரும். முதல் தடவைக்கு 1,000 ரூபாய்ல இருந்து 5,000 வரை அபராதம், அல்லது ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷம் வரை சிறை, அல்லது ரெண்டும்.

194எஃப் பிரிவு. தேவையில்லாம, விடாம ஹாரன் அடிச்சா முதல் தடவை 1,000, அடுத்த தடவை 2,000. பல குரல்ல கத்தற ஹாரன் வண்டியில மாட்டறதே விதிப்படி தப்பு.

சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் இல்லையேன்னு பயப்பட வேண்டாம். மோதின வண்டிக்கு மூணாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம். அந்த மூணாம் நபர் நீங்கதான். இழப்பீடு கேக்கற உரிமை உங்களுக்கு உண்டு. மோதிட்டு நிக்காமப் போயிட்டாலும் 2022 ஏப்ரல்ல இருந்து உயிரிழப்புக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000 ரூபாய்னு ஒரு திட்டம் இருக்கு. வருவாய்க் கோட்ட அளவுல விண்ணப்பிக்கணும், நமக்கு உடுமலை. விபத்து நடந்ததும் முதல் 48 மணி நேர சிகிச்சைக்குத் தமிழ்நாடு அரசோட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கு, 2021 டிசம்பர்ல ஆரம்பிச்சது. இதெல்லாம் தெரியாமத்தான் பல குடும்பங்கள் நகையை அடகு வைக்குது.

இதுல நம்ம கொங்கு மண்ணுக்கு ஒரு பெருமையும் உண்டு. 2012ல சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர் கோவையைச் சேர்ந்த எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன். நொறுங்கின எலும்பைத் தினமும் பார்த்த ஒரு டாக்டர், நொறுங்காம இருக்க வழி கேட்டு வழக்குப் போட்டார். அந்த வழக்குலதான் 2017 நவம்பர் 30 தீர்ப்புல, மாவட்டத்துக்கு ஒரு சாலைப் பாதுகாப்புக் குழு வேணும்னு உத்தரவாச்சு.

அதே வழக்குல 2025 அக்டோபர் 7ல இன்னொரு உத்தரவு. நடந்து போறவங்களும் மோட்டார் இல்லாத வண்டிகளும் சாலையைப் பயன்படுத்தறதை ஒழுங்குபடுத்த, 138(1ஏ) பிரிவுப்படி எல்லா மாநிலங்களும் ஆறு மாசத்துக்குள்ள விதிகள் உருவாக்கணும்னு சொன்னாங்க. மோட்டார் இல்லாத வண்டின்னா வேற யாரு? நாமதான். சைக்கிள், மாட்டு வண்டி, தள்ளுவண்டி.

*

இங்கதான் நாம விழிச்சிருக்கணும்.

'ஒழுங்குபடுத்தறது'ங்கற வார்த்தைக்கு ரெண்டு முகம் உண்டு. சைக்கிளுக்குன்னு தனி இடம் கொடுத்துப் பாதுகாக்கறதும் ஒழுங்குபடுத்தறதுதான். "சைக்கிள் இந்த ரோட்டுக்கு வரக்கூடாது"ன்னு போர்டு வைக்கறதும் ஒழுங்குபடுத்தறதுதான். ரெண்டாவதுதான் அதிகாரிகளுக்கு சுலபம், செலவும் கம்மி.

பயமுறுத்தலை, நடந்திருக்கு. 2013ல கொல்கத்தாவுல 174 சாலைகள்ல சைக்கிளுக்குத் தடை போட்டாங்க. பால்காரர், பேப்பர்காரர், கூலித் தொழிலாளி எல்லாரும் தெருவுக்கு வந்து போராட வேண்டியதாப் போச்சு. 2023ல பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையோட பிரதானப் பாதையில பைக், ஆட்டோவோட சேர்த்து மோட்டார் இல்லாத வண்டிகளையும் தடை பண்ணி, சர்வீஸ் ரோட்டுக்கு அனுப்பினாங்க. வேகமான ரோட்டுல சைக்கிள் போகக்கூடாதுன்னா சரி, ஏத்துக்கலாம். ஆனா மாத்துப் பாதை எங்கேன்னு முதல்ல காட்டணும்.

நம்ம ஊருக்கு இது நேரடியா வருது. பொள்ளாச்சி–மடத்துக்குளம், மடத்துக்குளம்–ஒட்டன்சத்திரம்னு தேசிய நெடுஞ்சாலை 83ஐ நான்குவழியாக்கற திட்டத்தோட ரெண்டு பகுதிகள் சேர்ற இடமே மடத்துக்குளம்தான். வேகமான வண்டிகள் புது ரோட்டுக்குப் போனா, ஊருக்குள்ள இருக்கற பழைய ரோடு யாருக்கு? மறுபடியும் வேகத்துக்கேவா? இல்லை, பள்ளிக்கூடம் போற பிள்ளைக்கும் மில்லுக்குப் போற தொழிலாளிக்குமா? இந்தக் கேள்வியை இப்பவே கேக்கணும். கான்கிரீட் போட்டு, நடுவுல தடுப்பு வெச்சு, ரிப்பன் வெட்டின பிறகு கேட்டா "பட்ஜெட் இல்லை"ன்னுதான் பதில் வரும்.

உலகத்துல செஞ்சு காட்டியிருக்காங்க. நெதர்லாந்து இன்னைக்கு சைக்கிள் நாடுன்னு பேர் வாங்கியிருக்கு. பிறக்கும்போதே அப்படி இல்லை. 1971ல மட்டும் அங்க 3,000 பேருக்கு மேல சாலையில செத்தாங்க, அதுல 400க்கும் மேல குழந்தைங்க. "குழந்தைக் கொலையை நிறுத்து"ன்னு பெத்தவங்க ரோட்டுல இறங்கிப் போராடினாங்க. அந்தப் போராட்டமும் அப்ப வந்த பெட்ரோல் தட்டுப்பாடும் சேர்ந்து அரசைத் திருப்புச்சு. ஜெர்மனியில 2020ல இருந்து ஊருக்குள்ள ஒன்றரை மீட்டர், ஊருக்கு வெளியே ரெண்டு மீட்டர் இடைவெளி விட்டுத்தான் சைக்கிளைத் தாண்டணும்னு எண்ணாவே எழுதி வெச்சுட்டாங்க. ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்து 2014லயே இதைத் தொடங்கிருச்சு. 'தனிக் கவனம்'னு சொன்னா ஆளாளுக்கு ஒரு அளவு. 'ஒன்றரை மீட்டர்'னு சொன்னா போலீஸுக்கும் தெரியும், டிரைவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

*

அதனால நம்ம கோரிக்கைகள், தெளிவா:

ஒண்ணு. 138(1ஏ) விதிகள்ல சைக்கிள் ஓட்டுறவங்க உரிமை முதல் வரியா இருக்கணும். மாத்துப் பாதை போடாம எந்த ரோட்டுலயும் சைக்கிளுக்குத் தடை கூடாது.

ரெண்டு. சைக்கிளைத் தாண்டும்போது குறைந்தபட்சம் ஒன்றரை மீட்டர். எண்ணா எழுதணும், டிரைவிங் லைசன்ஸ் தேர்வுல கேக்கணும், பஸ் லாரி முதுகுல ஒட்டணும்.

மூணு. மடத்துக்குளம் ஊருக்குள்ள பழைய நெடுஞ்சாலையில ரெண்டு பக்கமும் தார் போட்ட, பள்ளம் இல்லாத ஓரப்பாதை. அதுல கடை, பார்க்கிங், மணல் குவியல் எதுவும் கூடாது. பள்ளிக்கூடம் இருக்கற இடத்துல 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல கூடாது.

நாலு. கம்பெனி வேனுக்கும் மில் பஸ்ஸுக்கும் அஞ்சு பத்து நிமிஷம் தாமதமானா தொழிலாளி சம்பளத்துலயோ டிரைவர் காசுலயோ கைவைக்கக் கூடாது. அந்த நிமிஷம் ஒரு உயிரைக் காப்பாத்தும்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துல மனுவாக் கொடுப்போம். மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்புவோம். எந்த இடத்துல பள்ளம், எந்த இடத்துல தினமும் உரசல்னு போட்டோவோட கொடுப்போம். சும்மா கோஷம் போட்டா கோப்பு நகராது.

*

தோழர்களே, இப்ப கொஞ்சம் கசப்பா ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காதீங்க.

சைக்கிள்காரனை அதிகமா ஓரம் கட்டுறது யாருன்னு கேட்டா, அந்தப் பட்டியல்ல அரசியல் கட்சிக் கொடி கட்டின வண்டியும் இருக்கு. நம்ம கொடியும் சேர்த்துத்தான் சொல்றேன். மாநாட்டுக்குப் போறோம்னு சைலன்சரைக் கழட்டின பைக் வரிசை. நிர்வாகி வர்றார்னு ஏர் ஹாரன் அடிக்கற கார். வேலை முடிச்சு வர்ற தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி, வேலியோரமா ஒதுங்கி நின்னு நம்ம ஊர்வலம் போறதைப் பார்க்கறார். நாம கையாட்டிட்டுப் போறோம். அவர் மனசுல என்ன ஓடும்?

'இறங்கு'ன்னு அன்னைக்கு சொன்னவனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

கட்சிகள் ரோட்டுல வெச்ச அலங்கார வளைவும் பேனரும் உயிரைக் குடிச்சதை மறக்கலை. 2017ல கோவை அவிநாசி ரோட்டுல ஒரு இளைஞர். 2019ல சென்னை பள்ளிக்கரணையில ஒரு இளம்பெண். ரெண்டு பேரும் வண்டியில அவங்க வேலையைப் பார்த்துட்டுப் போனவங்க. அது எந்தக் கட்சிங்கறது இங்க பேச்சு இல்லை. ரோடு நமக்கு மட்டும்னு நினைக்கற புத்திதான் பேச்சு. அது எல்லாக் கட்சியிலயும் இருக்கு.

ஆகவே நம்மகிட்ட இருந்து ஆரம்பிப்போம். கொடி கட்டின வண்டியில ஏர் ஹாரன் வேண்டாம். சைக்கிள் முன்னாடி போனா பின்னாடி பொறுமையா போவோம், இடம் கிடைக்கும்போது தள்ளித் தாண்டுவோம். சைக்கிள் போற ஓரத்துல கம்பம், தட்டி, வளைவு நட வேண்டாம். நம்ம வண்டி யாரையாவது உரசினா நிறுத்தி இறங்கிக் கேப்போம். இதுக்கு ஆட்சி வர வேண்டியதில்லை, சட்டம் வர வேண்டியதில்லை, இன்னைக்கே செய்யலாம்.

சைக்கிள் ஓட்டுற தோழர்களுக்கும் அனுபவத்துல நாலு வார்த்தை. ரொம்ப ஓரத்துல ஒட்டிப் போகாதீங்க. தார் ஓரத்துல இருந்து ஒரு மீட்டர் உள்ள போங்க. ஒட்டிப் போனா "இடம் இருக்கு"ன்னு நினைச்சு உரசிட்டுத்தான் போவான். திரும்பறதுக்கு முன்னாடி பின்னாடி பார்த்து, கையைக் காட்டுங்க. ராத்திரியில பின்பக்கம் சிவப்பு ரிப்ளெக்டர், முடிஞ்சா ஒரு லைட்டு. முன்ன எல்லாம் டைனமோ லைட் இல்லைன்னா போலீஸ் பிடிக்கும், இப்ப பிடிக்கறதில்லைங்கறதுக்காக இருட்டுல போக வேண்டாம். எதிர்த்திசையில வராதீங்க. போன் பேசிக்கிட்டு ஒரு கையால ஓட்டாதீங்க.

திட்டினா திருப்பித் திட்டாதீங்க, துரத்தாதீங்க. ரோட்டுல நடக்கற சண்டையில சைக்கிள் ஜெயிச்சதா சரித்திரம் இல்லை. வண்டி நம்பர், நேரம், இடம் மூணையும் மனசுல வெச்சுக்கங்க. ஆபத்தா இருந்தா 112. கம்பெனி வண்டின்னா அந்தக் கம்பெனிக்கே போய்ச் சொல்லுங்க, தனியாப் போகாம நாலு பேராப் போங்க. டீக்கடையில பார்த்தா பேசுங்க. எதிர்ல இருக்கறவரும் நம்ம மாதிரி ஒரு கூலிக்காரரா இருக்கலாம்.

*

அந்த வேன் இப்பவும் அதே ரோட்டுல, அதே நேரத்துக்குத்தான் வருது. முந்தாநாள் பின்னாடி வந்துச்சு. சத்தத்தை வெச்சே தெரிஞ்சுக்கிட்டேன். ஹாரன் அடிக்கலை. எதிர்ல வந்த லாரி போற வரைக்கும் பின்னாடியே மெதுவா வந்தார். அப்புறம் நல்லா வலது பக்கம் ஒதுங்கித் தாண்டினார். தாண்டும்போது ஜன்னல் வழியா கையை மட்டும் காட்டினார். உள்ள இருந்த பிள்ளைங்கள்ல ஒருத்தி சிரிச்சா.

அவ்வளவுதான் கேக்கறோம். ஒன்றரை மீட்டர், அரை நிமிஷம், ஒரு கையசைப்பு. ஆனா இது ஒரு டிரைவரோட நல்ல மனசை நம்பி இருக்கக் கூடாது. அவர் நாளைக்கு லீவு போட்டா வேற ஒருத்தர் வருவார். அவருக்கும் சேர்த்துத்தான் சட்டம் வேணும், ரோடு வேணும், எட்டு இருபதுல அஞ்சு நிமிஷம் வேணும்.

வீட்டுல சொல்லிட்டுத்தான் வந்திருக்கோம். "சாயங்காலம் திரும்பி வர்றேன்"னு சொல்லிட்டு வந்திருக்கோம்.

அந்த வார்த்தையைக் காப்பாத்தற ரோடு வேணும். அதுவரைக்கும் பேசுவோம். உங்க ஊர்ல எந்த ரோட்டுல இந்த நிலைமை இருக்குன்னு கீழே எழுதுங்க, சேர்த்து மனுவுல வைக்கறோம்.

#சைக்கிளுக்கும்_சாலை #ஒன்றரை_மீட்டர்